அஞ்சு பூச்சு வார்னிஷ்

கடை திறந்து ஏழாவது வாரத்தில்தான் மாப்பிள்ளை அதைக் கவனித்தான். யாருமே இரண்டாவது கிளாஸ் கேட்பதில்லை. வருகிறார்கள், உட்காருகிறார்கள், விளக்கு வெளிச்சம் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்கிறார்கள், சீஸ் தட்டை ஒரு துணுக்கு விடாமல் காலி செய்கிறார்கள், ஒரு கிளாஸோடு எழுந்து போய்விடுகிறார்கள். ஒயின் பார் என்பது முதல் கிளாஸில் பிழைக்கிற தொழில் இல்லை. முதல் கிளாஸ் வெறும் அறிமுகம். இரண்டாவதில்தான் ஆள் நாற்காலியில் சாய்ந்து உட்காருவார், பக்கத்து மேஜைக்காரரோடு பேச்சுக் கொடுப்பார், நாளைக்கும் வரலாமா என்று யோசிப்பார். பெரிய ஹோட்டல் ஒன்றில் பதினாலு வருஷம் ஒயின் பரிமாறியவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இப்படியே போனால் மழைக்காலம் முடிவதற்குள் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, பழைய ஹோட்டல் மேனேஜர் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அவனை மாப்பிள்ளை என்றே சொல்லிவிடுவோம். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவன் அப்படித்தான். அவன் மாமனார் அங்கே முப்பத்தைந்து வருஷமாக மரவேலை செய்பவர். பாதி வீடுகளின் கதவும் கட்டிலும் அவர் கைபட்டவை. மூடிக் கிடந்த செருப்புக் கடையை மருமகன் வாடகைக்குப் பிடித்ததும், ஏதோ தாங்களே பெண் கொடுத்தவர்கள் மாதிரி தெருவே அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

கடை போடுவது என்று முடிவு செய்த பிறகு பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. லைசென்ஸ் ஆபீசுக்குப் பதினோரு தடவை நடந்தான். ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு காகிதம் குறையும். செருப்புப் பெட்டி அடுக்கியிருந்த ஜன்னலில்லாத பின்னறைதான் பாட்டில்களுக்குச் சரியான இடம் என்று கண்டுபிடித்தவன், அதிலிருந்த தோல் வாடை போக இரண்டு முறை சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தான். பாட்டில்களைப் படுக்கவைக்கத் தட்டு, ஈரம் பார்க்க ஒரு கருவி, எட்டு மேஜை, முப்பது நாற்காலி, தொண்ணூற்றாறு கிளாஸ். எல்லாம் அவனே தேடித் தேடி வாங்கியவை.

இதில் மாமனாரைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய கதை. அவருக்கு அது பிராந்திக் கடை, அவ்வளவுதான். பிராந்தி இல்லை மாமா, ஒயின் மட்டும்தான், கண்ணியமானவர்கள் வந்து போகிற இடம் என்று அவனும் சொல்லிப் பார்த்தான். கண்ணியமானவர்களுக்கு வீட்டில் வேலை இருக்காதா என்று கேட்டார். எட்டு மாதம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் வீட்டுக்கு வந்தால் மகளிடம் பேசிவிட்டு, அவனைச் சுவர்க் காலண்டரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போவார். பிறகு ஒரு நாள் காலையில் கையில் அளவு நாடாவோடு கடை வாசலில் வந்து நின்றார். கிளாஸ் எதில் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். வாங்க வேண்டும் மாமா என்றான். நான் இருக்கும்போது எவனிடமோ போய் ஏன் வாங்குகிறீர்கள் என்று அளவெடுக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை பின்னறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதை மனைவியிடம் கூடச் சொல்லவில்லை.

அலமாரி நல்ல அலமாரி. சுவர் நீளத்துக்கு ஆறு கதவு, கதவுக்கு மேல்பாதி கண்ணாடி. கூடவே கவுண்டரும் செய்து கொடுத்தார். தண்ணீர் புழங்குகிற இடம் என்று, வழக்கமாக மூன்று பூச்சு அடிக்கிறவர், அலமாரிக்கு உள்ளும் புறமும் ஐந்து பூச்சு வார்னிஷ் அடித்தார். திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மின்விசிறி வைத்துக் காயவைத்தார்கள். தொட்டால் ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது என்றார். அவன் மனைவி தொண்ணூற்றாறு கிளாஸையும் கழுவித் துடைத்து, தூசி விழாமல் வரிசையாகக் கவிழ்த்து அடுக்கிக் கதவைச் சாத்தினாள். கழுவின பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்காத வீடு எங்கே இருக்கிறது?

ஏதோ சரியில்லை என்று முதலில் சாடையாகத் தெரிவித்தவர், கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்து அந்தத் தெருவில் இருந்த கப்பல்காரர். எந்தெந்தத் துறைமுகத்திலோ குடித்துப் பழகியவர், கடை திறந்த முதல் வாரமே வந்தார். ஒரு வாய் குடித்தார். கிளாஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, முக்கால் கிளாஸை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. எதிர் வரிசையில் நடந்துபோகும்போது மட்டும் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொள்வார்.

மாடியில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டரம்மா அப்படியில்லை, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிற ஆள்.

"உங்க ஒயினைக் குடிச்சா புதுசா பெயின்ட் அடிச்ச வீட்ல உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு. அது இப்படித்தான் இருக்கணுமா, இல்ல எனக்குத்தான் தெரியலையா?"

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. சில வகை அப்படித்தான் இருக்கும் மேடம், பழகினால் பிடிக்கும் என்று ஹோட்டல் சிரிப்பொன்றைச் சிரித்து வைத்தான். அவன் மேல் முழுக்கப் பழி போட முடியாது. ஒவ்வொரு பாட்டிலையும் திறந்ததும் ஒரு வாய் ருசி பார்க்காமல் அவன் ஊற்றியதே இல்லை. ஆனால் அதற்கென்று ஹோட்டல் காலத்திலிருந்து ஒரு சின்ன கிளாஸ் வைத்திருந்தான். குழாயடியிலேயே இருக்கும், அலசுவான், ஊற்றுவான், குடிப்பான். அந்த கிளாஸில் எல்லா ஒயினும் தேனாக இருந்தது. குடிக்கத் தெரியாத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டான். பிறகு மொத்த வியாபாரி மேல் சந்தேகம் வந்தது. வெயிலில் வைத்த சரக்கை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று இரண்டு பெட்டியைத் திருப்பி அனுப்பினான். வியாபாரி அதே பெட்டியைத் தன் கடையில் உடைத்து, தன் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். அங்கேயும் தேன். அவனுக்குத் தலை சுற்றியது.

முடிச்சை அவிழ்த்தவள் மனைவிதான். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை ஷிப்ட் பார்க்கிறவள். ஒயினை நாக்கில் வைத்ததில்லை. ஆனால் எதையும் எண் போட்டு வரிசைப்படுத்திப் பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. டாக்டரம்மா சொன்ன பெயின்ட் விஷயம் அவள் காதில் விழுந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னாள். ஆறு கிளாஸில் பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதினாள். ஒரே பாட்டில். வீட்டிலிருந்து கொண்டுவந்த கிளாஸ் இரண்டு, அலமாரியிலிருந்து அப்படியே எடுத்தது இரண்டு, அலமாரியிலிருந்து எடுத்து மறுபடி கழுவியது இரண்டு. கலைத்துக் கலைத்து ஒவ்வொன்றாக நீட்டினாள். அவன் முகர்ந்து பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். மூன்று சுற்றிலும் அவன் மூக்கைச் சுளித்தது, அலமாரியிலிருந்து அப்படியே எடுத்த அதே இரண்டு கிளாஸுக்குத்தான்.

பேப்பரைப் பார்த்துவிட்டு அவள் எழுந்துபோய் அலமாரியின் நடுக்கதவைத் திறந்து உள்ளே முகத்தை நீட்டினாள்.

"அப்பாவோட வார்னிஷ்ங்க," என்றாள்.

வெளியே காய்ந்திருந்தது, உள்ளே காயவில்லை. மழை ஈரத்தில், சாத்திய கதவுக்குள் ஐந்து பூச்சும் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. கவிழ்த்து வைத்த தொண்ணூற்றாறு கிளாஸும் அந்த மூச்சை வயிற்றில் அடைத்து வைத்திருந்தன. கடையிலேயே கிடக்கிற மாப்பிள்ளையின் மூக்குக்கு அந்த வாடை பழகிப் போயிருந்தது; நல்ல கிளாஸோடு அடுத்தடுத்து வைத்து முகர்ந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது.

அலமாரியை வெறுமையாக்கிக் கதவைக் கழற்றி ஒரு மாதம் ஆறப் போட்டால் தீர்ந்தது. ஆனால் மாமனார் தினமும் காலை பத்து மணிக்கு டீ குடித்த கையோடு கடைக்கு வருவார். பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நேரே அலமாரிக்குப் போய், தோளில் கிடக்கும் துணியால் ஒவ்வொரு கதவையும் துடைத்து, ஒருமுறை சாய்ந்து நின்று பார்த்துவிட்டுப் போவார். அந்த அலமாரி வழியாகத்தான் அவர் மருமகனோடு பேசினார். உன் அப்பாவிடம் சொல்லிவிடலாமா என்று மாப்பிள்ளை கேட்டான். வேண்டாம் என்றாள் மனைவி. அம்மா போன பிறகு அவர் ஆசைப்பட்டுச் செய்த ஒரே வேலை அது, எப்படிச் சொல்வது என்றாள். மாப்பிள்ளைக்கும் உள்ளூர நிம்மதிதான். எட்டு மாதத்துக் காலண்டர் பார்வை மறுபடி வந்துவிடுமோ என்று அவனுக்குப் பயம்.

அன்றிலிருந்து ஒரு கூத்து நடந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு பேரும் எல்லா கிளாஸையும் எடுத்து வெந்நீரில் கழுவி, பின்னறையில் வெள்ளைத் துணி விரித்து நிமிர்த்தி வைப்பார்கள். கடை நடக்கும். மறுநாள் காலை ஒன்பதரைக்கு மாப்பிள்ளை வேர்க்க விறுவிறுக்க எல்லாவற்றையும் அலமாரிக்குள் கவிழ்த்து அடுக்குவான். பத்து மணிக்கு மாமனார் வந்து பார்த்துவிட்டுப் போவார். மறுபடி நாலு மணிக்கு இறக்குவார்கள். ஏழு கிளாஸ் உடைந்தது. அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் இரண்டாவது கிளாஸ் கேட்க ஆரம்பித்தார்கள். பல் டாக்டரம்மா தம்பதி சமேதராக வந்து பாட்டிலே வாங்கினார். பத்தொன்பது நாள் இப்படி ஓடியது.

இருபதாம் நாள் பட்டறையில் கரண்ட் போய்விட்டது. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் மாமனார் குடையை எடுத்துக்கொண்டு நாலரை மணிக்குக் கடைக்குள் நுழைந்தார். ஆறு கதவும் திறந்து கிடந்தன. தட்டுகள் வெறுமையாக இருந்தன. மகளும் மருமகனும் ஆளுக்கொரு ட்ரேயோடு பின்னறை வாசலில் நின்றார்கள்.

"கிளாஸெல்லாம் எங்க?"

"கழுவப் போட்டிருக்கோம்ப்பா," என்றாள் மகள்.

அவர் பின்னறைக்குள் எட்டிப் பார்த்தார். வெள்ளைத் துணி மேல் கிளாஸ்கள் வரிசையாக நிமிர்ந்து நின்றன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது கழுவிக் காய்ஞ்ச கிளாஸ்," என்றார். மகள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் தன் கையிலிருந்த ட்ரேயைக் கீழே வைத்தான். பிறகு நடந்ததை முதலிலிருந்து சொன்னான். கப்பல்காரரைச் சொன்னான், டாக்டரம்மாவைச் சொன்னான், பிளாஸ்திரி ஒட்டிய ஆறு கிளாஸைச் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே அலமாரிக்குத் திரும்பி வந்தார். அலமாரியின் கீழ்த்தட்டு மூலையில் எடுக்க மறந்த ஒரு கிளாஸ் கவிழ்ந்து கிடந்தது. குனிந்து எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். மருந்தைச் சோதிக்கிறவர் போல மூன்று முறை முகர்ந்தார்.

"என் வார்னிஷ்தான். எத்தனை நாளாத் தெரியும்?"

"பத்தொம்போது நாளா," என்றான் மாப்பிள்ளை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஆசையா செஞ்சு கொடுத்தீங்களேப்பா," என்றாள் மகள். "மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கடை திறந்த நாளிலிருந்து அவர் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கோபப்படுவார் என்று இருவரும் நின்றார்கள். ஆனால் அவர் குரலை உயர்த்தவில்லை.

"போன வாரம் பின்தெரு டெய்லர் வீட்டுக்கு ஒரு தொட்டில் செஞ்சு கொடுத்தேன். இதே டப்பா. இதே அஞ்சு பூச்சு. மாப்பிள்ளை கடையில எவ்வளவு நல்லா வந்துச்சு, அதையே அடிப்போம்னு அடிச்சேன். அதுல பொறந்து இருபது நாளான குழந்தை படுத்திருக்கு."

மாப்பிள்ளை மனைவியிடமிருந்து ட்ரேயை வாங்கிக் கீழே வைத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையே வாயைத் திறந்திருந்தால் அந்தத் தொட்டிலுக்கு அந்த வார்னிஷ் போயிருக்காது. ஒரு கிழவரின் முகம் வாடுமே என்று பார்த்துப் பார்த்து இவர்கள் செய்த காரியம் எங்கே போய் முட்டியிருக்கிறது. மாமனார் அதற்குள் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டார். நீங்களும் கூடப் போங்க, கடையை நான் திறந்துக்கறேன் என்றாள் மனைவி. அவள் தனியாகக் கடை திறந்ததே இல்லை.

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. மாமனாரின் நடைக்கு ஈடு கொடுக்க மாப்பிள்ளை ஓட வேண்டியிருந்தது. டெய்லர் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், வெட்டுத் துணிக் குவியலை அடுத்து, தரையில் மெத்தை விரித்துக் குழந்தையைப் போட்டிருந்தார்கள். அது கையைக் காலை ஆட்டிக்கொண்டு சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொட்டிலைக் காணவில்லை. இவர்களைப் பார்த்ததும் டெய்லரின் மருமகள் பதறிப்போய்க் குழந்தையை அள்ளிக்கொண்டு பின்பக்கம் நகர்ந்தாள். டெய்லர் மெஷினை நிறுத்தினார்.

மாமனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார்.

"நான் கொடுத்த தொட்டில்ல வார்னிஷ் காயல. வாசனை போகல. தப்பு என்னோடது. எடுத்துட்டுப் போய் மொத்தத்தையும் சுரண்டி, எதுவும் பூசாம இழைச்சுக் கொண்டாந்து தர்றேன்."

டெய்லர் மருமகளைப் பார்த்தார். மருமகள் தரையைப் பார்த்தாள். பின்பக்கக் கதவு திறந்திருந்ததால் மாப்பிள்ளைக்குத் தெரிந்தது. தொட்டில் கொல்லை வராந்தாவில் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கிடந்தது.

"முதல் நாளே பார்த்தோம்," என்றார் டெய்லர் மெதுவாக. "படுக்க வச்சதும் குழந்தை தும்மிக்கிட்டே இருந்துச்சு. அன்னிக்கே வெளிய வச்சுட்டோம். நீங்க அவ்வளவு பாசமா செஞ்சு கொடுத்தது, எப்படிச் சொல்றதுன்னுதான்."

"நீங்க வர்றது ஜன்னல்ல தெரிஞ்சா தொட்டிலை உள்ள தூக்கிட்டு வந்து பக்கத்துல வச்சுக்குவோம்," என்றாள் மருமகள். "இன்னிக்கு மழையில கவனிக்கல." வெட்கத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த நிம்மதியில் மாப்பிள்ளைக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. மாமனார் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான்.

தொட்டிலை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். தூறல் நின்றிருந்தது. தேங்கிய தண்ணீரைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் வீடுகள். மாமனார் ஒவ்வொரு கதவையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் அவர் செய்த கதவுகள்.

"முப்பத்தஞ்சு வருஷத்துல இந்தத் தெருவுல ஒருத்தர்கூட என் வேலையில ஒரு குறை சொன்னதில்ல மாப்பிள்ளை," என்றார். "அதைப் பெருமையா நினைச்சுட்டு இருந்தேன்."

தெருமுனை திரும்பியதும் கடை விளக்கு தெரிந்தது. ஐந்து மேஜையில் ஆட்கள் இருந்தார்கள். மனைவி ஒரு கையில் பாட்டிலும் ஒரு கையில் துணியுமாக நின்று யாருக்கோ ஊற்றிக்கொண்டிருந்தாள், தண்ணீர்ச் சொம்பைச் சாய்க்கிற மாதிரி, கிளாஸ் விளிம்பு வரைக்கும். நாளைக்கு அதைச் சொல்லித் தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"நாளைக்குக் காலையில அலமாரிக் கதவு ஆறையும் கழட்டிடறேன்," என்றார் மாமனார். "திறந்த தட்டாவே இருக்கட்டும். கிளாஸை நிமிர்த்தியே வைங்க, தூசு பட்டாக் கழுவிக்கலாம்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டார். "வார்னிஷை விடுங்க. அலமாரியில வேற ஏதாவது குறை இருக்கா?"

ஒன்றுமில்லை மாமா, பிரமாதமான வேலை என்று சொல்ல மாப்பிள்ளையின் வாய் தானாகத் திறந்தது. அதை அப்படியே மூடிக்கொண்டான். தொட்டிலின் முனை உள்ளங்கையை அழுத்தியது.

"மூணாவது கதவு மேல முட்டுது மாமா. ஒவ்வொரு தடவையும் தூக்கித்தான் திறக்கணும்."

மாமனார் நின்றார். தொட்டிலும் நின்றது.

"மழைக்கு உப்பியிருக்கும்னு நினைச்சீங்களா?"

"ஆமா."

"மழை இல்ல. கீல் வச்சது தப்பு. எப்ப இருந்து?"

"முதல் நாள்ல இருந்து."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தன் பக்கத்து முனையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு மறுபடி நடக்கத் தொடங்கினார்.

"சரி. இன்னும் என்ன?" என்றார்.

கவுண்டர் இரண்டு விரல் உயரம் அதிகம் என்பதிலிருந்து மாப்பிள்ளை ஆரம்பித்தான்.